பேச்சைக் கொஞ்சம் குறைத்தேன்

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில். அதன் பருத்தி சோதிக்கும் லேப்பில் வேலை பார்த்த பெண்ணுக்கு அந்த வேலை போகும் நிலை வந்தபோது, உண்மையான காரணம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருவர், என்னைச் சம்பளத்துக்கு வைத்திருந்த நண்பர். காரணம் ஒரே ஒரு எண். நான்கு என்று இருந்த இடத்தில் நான் பூஜ்யம் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், இல்லாவிட்டால் நான் என்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டே போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. காந்திபுரத்தில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் எங்கள் ஆபீஸ். நண்பரும் நானுமாக நியூரல் நெட்வொர்க் லைப்ரரி ஒன்றை, அதாவது ஒரு நிரல் தொகுப்பை, எழுதிக்கொண்டிருந்தோம். பழைய அளவுகளையும் அவற்றின் விளைவுகளையும் ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்கினால், புதிதாக ஓர் அளவு வரும்போது விளைவு என்னவாக இருக்கும் என்று அது ஊகித்துச் சொல்லும். இன்றைக்கு மெஷின் லேர்னிங் என்றால் கல்லூரிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிகிறது. அன்றைக்கு ‘லைப்ரரி’ என்று சொன்னதைக் கேட்டு, நான் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மா, வரும்போது ரெண்டு வாரப் பத்திரிகை எடுத்து வரச் சொன்னார். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் கடையில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த லைப்ரரி வாயாடி. நண்பர் எதையும் நம்பாத ஆள். தான் எழுதிய நிரலையும் நம்ப மாட்டார். ஆகவே ஒவ்வொரு பகுதிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அது திரையில் ஒரு வரி எழுத வேண்டும் என்று வைத்திருந்தார். அதுவும் ஆங்கில எழுத்தில் எங்கள் ஊர்த் தமிழ். ‘உள்ள போயிட்டேன்.’ ‘வெளிய வந்துட்டேன்.’ ‘இங்க வரைக்கும் சரி.’ ஒரு தடவை பழக்குவதற்கு அந்தக் காலத்து மெஷினில் ஒரு பகல் முழுதும் ஆகும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அது உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கண் எரியும். வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் வரிகள் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். எனக்கு அந்தச் செய்திகள் மேல் ஒரு வெறுப்பே வந்துவிட்டது.

அதனால்தான், ரேடியோவில் சத்தத்தைக் குறைக்கிற மாதிரி, அதற்கு ஒரு திருகு வைத்தேன். மெஷினில் ஒரு சின்னக் கோப்பு, அதற்குள் ஒரே வரி. ‘பேச்சு’ என்று பெயர், பக்கத்தில் ஓர் எண். நான்கு என்றால் எல்லாவற்றையும் சொல்லும். மூன்று என்றால் வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்பது வரை. இரண்டு என்றால் எச்சரிக்கையும் தப்பும். ஒன்று என்றால் தப்பு மட்டும். பூஜ்யம் என்றால் வாயே திறக்காது. நிரலை மாற்ற வேண்டாம், கோப்பில் எண்ணை மாற்றினால் போதும். செய்து முடித்த அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திருகு வைப்பது அரை நாள் வேலை. எந்தச் செய்தி எந்தப் படியில் என்று பிரிப்பதற்கு மூன்று வாரம் ஆனது. இருநூறுக்கு மேல் செய்திகள். ஒவ்வொன்றையும் எடுத்து, இது தப்பா, எச்சரிக்கையா, சும்மா தகவலா என்று நண்பரும் நானும் மல்லுக்கட்டினோம். எங்களுக்கு அது வரவே இல்லை. இதற்கு நான் எங்கள் பேச்சைத்தான் குற்றம் சொல்வேன். எங்கள் பக்கத்தில் பேச்சுக்குப் படியே கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே குரல், ஒரே ‘ங்க’. என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காலையில் வந்து கேட்டில் நின்று, “ஏனுங்க, சாப்டாச்சுங்களா?” என்றார். ஆச்சுங்க என்றேன். “உங்க ஊட்டு மோட்டார் ஓடிட்டே இருக்குதுங்க, தொட்டி ரொம்பி வழியுது,” என்றார். அணைத்துவிட்டு வந்தேன். அதே குரலில், “அப்பா தவறிட்டாருங்க, சித்த ஊட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்க,” என்றார். தொட்டி வழிந்ததும் தகப்பன் போனதும் ஒரே படி. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர் தப்பையும் எச்சரிக்கையையும் பிரிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? பாதியை எச்சரிக்கை என்று போட்டோம். அளவுகள் இருக்கும் கோப்பில் ஒரு வரி காலியாக இருந்தாலும் எச்சரிக்கை. பழக்கத்தில் பார்த்திராத அளவு உள்ளே வந்துவிட்டாலும் எச்சரிக்கை.

அந்த இரண்டாவதைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஒரு ரகப் பருத்தியைக் காட்டிப் பழக்கிய நெட்வொர்க்கிடம் வேறு ரகத்தைக் கொடுத்தால், அது தெரியாது என்று சொல்லாது. கூசாமல் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் பார்க்க நன்றாகவே இருக்கும். அதனால், இந்த அளவு நான் பழகிய எல்லைக்கு வெளியே இருக்கிறது, குத்துமதிப்பாகத்தான் சொல்கிறேன் என்று பொருள்படும்படி ஒரு வரி எழுதும்படி செய்திருந்தோம். அந்த வரி தப்பு என்ற படியில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் அதைக் காலி வரியோடு சேர்த்து உட்கார வைத்தோம்.

உடுமலை மில்தான் எங்கள் முதல் மில். உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சி வழியாகப் போய், உடுமலையில் இறங்கி, இன்னொரு டவுன் பஸ் பிடித்தால் மில் கேட். வாரத்துக்கு இரண்டு தடவை அப்படிப் போய்வந்தேன். போகும்போதே அலுத்துவிடும். மில்லுக்கு வரும் பருத்தியில் சாம்பிள் எடுத்து இழையின் நீளம், வலிமை, நயம் எல்லாம் லேப்பில் அளப்பார்கள். அந்த அளவுகளை எங்கள் புரோகிராமில் போட்டால், இந்தப் பருத்தியில் நூல் ஓட்டினால் எவ்வளவு வலு இருக்கும் என்று சொல்லும். அதைப் பார்த்து எந்தப் பருத்தியை எதோடு எவ்வளவு கலப்பது என்று முதலாளி முடிவு செய்வார்.

அளவுகளைப் போட்டவர் அந்தப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். பி.எஸ்சி. படித்தவர். மில்லில் பகலில் மட்டும் வேலை என்று இருந்தது ஆபீஸிலும் லேப்பிலும்தான். மற்ற எல்லாப் பக்கமும் மூன்று ஷிப்ட். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வீட்டில் வேறு ஆள் இல்லை. பகலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரியில் இவர்தான் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். “லேப் இருக்கறதாலதானுங்க நான் வேலைக்கே வாரேன்,” என்று முதல் வாரமே சொன்னார். அதையும் அந்த ஒரே குரலில்தான் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே பிரிண்டர் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிரிண்டரில் ஒரு கோளாறு இருந்தது. கோளாறு என்ன, எங்கள் சோம்பேறித்தனம். திரைக்குப் போவதெல்லாம் பிரிண்டருக்கும் போகிற மாதிரி அவசரத்தில் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். ஆகவே முதலாளிக்குப் போகும் ரிப்போர்ட்டில், பருத்தி அளவுகளுக்கு நடுவே நண்பரின் வாக்கியங்களும் அச்சாகிவிடும். ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அறுபது வயது, வெள்ளை வேட்டி சட்டை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியே எங்களைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுவார். மூன்று முழம் நீளமுள்ள தாளை மேஜை மேல் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“ஏனுங் தம்பி, ‘உள்ள போயிட்டேன்’னு போட்டிருக்குதுங்களே. யாருங்க உள்ள போனது?”

நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளை மடித்துக்கொண்டே, “நல்லாத்தானுங்க இருக்குது. பேச்ச மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கலாமுங்களா?” என்றார்.

இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். வெளியூர்க்காரன் ஒருவன் அந்த இடத்தில் இருந்திருந்தால் ‘கொஞ்சம்’ என்றால் கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டு நான்கை இரண்டாக்கிவிட்டுப் போயிருப்பான், ஒன்றும் நடந்திருக்காது. நான் இந்த ஊர்க்காரன். எங்களில் பெரியவர் ஒருவர் ‘கொஞ்சம் தள்ளி உக்காரலாமுங்களா’ என்றால் எழுந்து போ என்று அர்த்தம். கல்யாணப் பேச்சில் ‘கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோமுங்க’ என்றால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். மரியாதைக்காகச் சேர்க்கிற ‘கொஞ்ச’த்தைக் கழித்துவிட்டுத்தான் நாங்கள் எதையும் கேட்போம். முதலாளி வாயை மூடச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் புரிந்தது. உண்மையில் அவர் அன்றைக்குக் கேட்டது கொஞ்சம்தான்.

லேப்புக்குப் போனேன். முதலில் இரண்டு போட்டுப் பார்த்தேன், அது எனக்கு நினைவிருக்கிறது. காலி வரி, காலி வரி என்று எச்சரிக்கைகள் தாளில் வரிசையாக இறங்கின. ஒன்று போட்டுப் பார்த்திருக்கலாம். அப்போதும் அந்த எல்லை எச்சரிக்கை வந்திருக்காது, எனவே இதைச் சொல்லி என்னைத் திட்டிக்கொள்வதில் பயனில்லை. சரியான வேலை, அந்த இருநூறு செய்திகளையும் மறுபடி எடுத்து, படியைத் திருத்தி, ரிப்போர்ட்டையும் செய்திகளையும் தனித்தனி வழியில் அனுப்புவது. அதற்கு ஒரு வாரம் ஆகும். எனக்கு அலுப்பாக இருந்தது. நாலு மணி பஸ் போய்விட்டால் அடுத்தது ஐந்தரைக்கு. பூஜ்யம் போட்டேன். ரிப்போர்ட் சுத்தமாக வந்தது.

அந்தப் பெண் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமே ஒண்ணுமே சொல்லாதுங்களா சார்?” என்றார்.

“தொந்தரவு இருக்காதுங்க.”

“ஏதாச்சும் தப்புன்னா சொல்லுமுங்களா?”

“அதெல்லாம் சொல்லுமுங்க,” என்றேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பேச்சு முடிய வேண்டும் என்று சொன்னேன். அவர் அந்த வார்த்தையை நம்பினார்.

நாலைந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்த வருடம் வழக்கமான பருத்தி சரியாகக் கிடைக்காமல் முதலாளி வடக்கேயிருந்து வேறு ரகம் வாங்கினார். இழை குட்டையான, வலுக் குறைந்த பருத்தி. எங்கள் நெட்வொர்க் அந்த மாதிரி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. அந்தப் பெண் அளந்தார், அளவுகளைப் போட்டார், புரோகிராம் அருமையான ஓர் எண்ணைச் சொன்னது. அதை நம்பிக் கலந்து ஓட்டினார்கள். நூல், அதை வாங்கிய சோமனூர்த் தறிகளில் அறுந்து அறுந்து விழுந்தது. ஒரு லாரி நூல் திரும்பி வந்தது. பிறகு இன்னொரு லாரி.

மில்லில் பேச்சு அந்தப் பெண் பக்கம் திரும்பியது. மெஷின் தப்பாகச் சொல்லாது, அம்மணிதான் நம்பரை மாற்றிப் போட்டிருக்கிறது என்றார்கள். மெஷினின் மேல் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை. என்னைப் பேச வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். போவதற்கு முன்னால் அவருடைய நோட்டிலிருந்த அளவுகளை ஃபேக்ஸில் வரவழைத்து, ஆபீஸ் மெஷினில் பேச்சை நான்காக்கி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு அளவுக்கும் கீழே அந்த வரி வந்தது. எல்லைக்கு வெளியே, குத்துமதிப்புதான். எல்லைக்கு வெளியே, குத்துமதிப்புதான். அவர் ஒரு நம்பரைக்கூட மாற்றிப் போடவில்லை. இத்தனை மாதமாக அந்த லைப்ரரியின் பேச்சை வெறுத்தவன், அன்றைக்கு அந்த வரிகளை ஒன்று விடாமல் படித்தேன்.

நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இன்னும் மூணு மில்லுல பேசிட்டிருக்கறோம்,” என்றார். “நீங்களாப் போய் வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க. அவங்களாக் கேட்டாச் சொல்லிக்கலாமுங்க.” அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது. போக வேண்டியவனும் சொல்ல வேண்டியவனும் நான்தான். அந்த வரிகளை அச்சடித்து, தாளைப் பிரிண்டரிலிருந்து கிழித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதலாளி அறையில் நாலு நாற்காலி. அந்தப் பெண் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றார். முதலாளி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “அம்மணி, மெஷின் ஒண்ணும் சொல்லலீங்களா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் சொல்லலீங்க.” அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. “தப்புன்னா அது சொல்லுமுங்க. நாந்தான் எங்கியோ மாத்திப் போட்டுட்டேனாட்ட இருக்குதுங்க.”

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. பையில் கை வைத்தேன். தாளை எடுத்து மேஜை மேல் விரித்து, தப்பு எங்களுடையது, மெஷின் சொல்ல வந்ததை நான்தான் அடைத்தேன், இவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்றே வாக்கியம். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம்கூடச் செய்திருந்தேன். வாயைத் திறந்தபோது என் ஊர்ப் பேச்சுதான் வந்தது.

“எங்க பக்கமும் கொஞ்சம் தப்பு இருக்குதுங்க,” என்றேன்.

முதலாளி சிரித்தார். நல்ல சிரிப்பு அது. “நீங்க பெருந்தன்மையாச் சொல்றீங்க தம்பி. படிச்சவங்கன்னா இப்படித்தானுங்க இருக்கோணும்,” என்றார். எங்களில் ஒருவர் தடுக்கி விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் ‘நான் பாத்துச் சொல்லியிருக்கோணுமுங்க’ என்பார். சாம்பாரில் உப்புக் குறைந்தால் விருந்தாளி தனக்கு நாக்கு சரியில்லை என்பார். அது தப்பை ஒப்புக்கொள்வது அல்ல, மரியாதை. நானும் மரியாதை செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். அவரும் என் ‘கொஞ்ச’த்தைக் கழித்துத்தான் கேட்டார். கழித்த பிறகு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

“இல்லீங்க, நெசமாலுமே…” என்று ஆரம்பித்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது. முதலாளி ஒரு டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார். அதை வாங்குவதற்குப் பையிலிருந்து கையை எடுத்தேன். அந்த இடத்தில் நான் டம்ளரைக் கீழே வைத்திருக்கலாம். யாரும் என் வாயைப் பொத்தவில்லை. இரண்டு வருட அலுப்பும் பயமும் நண்பர் சொன்ன மூன்று மில்லும் சேர்ந்து என்னை உட்கார வைத்தன என்று சொல்லலாம். டீயைக் குடித்தேன் என்று சொல்வதுதான் நேர்மை.

“அம்மணி கொஞ்ச நாளைக்கு வைண்டிங் பக்கம் பாத்துக்கட்டுமுங்க,” என்றார் முதலாளி. வைண்டிங் என்பது நூல் சுற்றும் பிரிவு, அங்கே மூன்று ஷிப்ட், ராத்திரியிலும் வேலை. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். “செரிங்க,” என்றார் அந்தப் பெண்.

வேலையை விட்டுவிட்டார். அன்றைக்கே சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்து, மில் கேட்டுக்கு எதிரே பஸ்ஸுக்கு என் பக்கத்தில் நின்றார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஏதாவது திட்டினால் தேவலை என்று இருந்தது.

“எனக்காகத் தப்ப உங்க மேல எடுத்துக்கிட்டீங்க சார்,” என்றார். “மொதலாளி கேக்கல, அது வேற. ஆனா யாரு அப்பிடிச் சொல்லுவாங்க? அப்பாகிட்டப் போய்ச் சொல்லோணுமுங்க, இப்பிடியும் மனுசங்க இருக்கறாங்கன்னு.” கண் கலங்கியிருந்தது. வேலை போன அழுகை என்றுதான் நினைத்தேன். எனக்கு நன்றி சொல்லி அழுதிருக்கிறார்.

“அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க,” என்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு உண்மையாக எதையும் சொன்னதில்லை.

அவர் அதையும் பணிவு என்றே எடுத்துக்கொண்டார்.